தீத்திவிடாமல் பிள்ளை தானே சாப்பிடுமா? ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கும் கைச்சாப்பாடு பற்றி

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்போம். வெள்ளைத் துணி விரித்து, பிள்ளையை அதில் இருத்தி, முன்னால் புத்தகம், பேனா, காப்பு என்று ஒவ்வொன்றாகப் பரப்பிவைத்து, எதை எடுக்கப்போகிறது என்று வீடே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருக்கும். யாரும் பிள்ளையின் கையைப் பிடித்துப் பேனாவில் வைப்பதில்லை. அதுவாக எடுக்க வேண்டும், அதுதான் விசேஷம். ஆனால் அதே பிள்ளை அன்று மத்தியானம் சோற்றுக் கோப்பைக்குக் கை நீட்டினால் "கை வைக்காதை" என்று தட்டிவிடுவோம்.

அந்தக் கையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இப்போது இளம் தாய்மார் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கதை எப்படியும் வந்துவிடுகிறது. கனடாவில் இருக்கிற மச்சாள் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார், அதில் ஆறு மாதப் பிள்ளை ஒன்று அவித்த கரட்டைக் கையில் பிடித்துச் சப்பிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ஒருவர் "இது வெள்ளைக்காரருக்குத்தான் சரிவரும், எங்கட பிள்ளையளுக்குத் தொண்டையில சிக்கும்" என்பார், இன்னொருவர் "இனிமேல் கரண்டியே தொடக்கூடாதாம்" என்பார். இரண்டும் பிழை. பிழையாக விளங்கிக்கொண்டு பயந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள், பிழையாக விளங்கிக்கொண்டு ஆபத்தான முறையில் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வகையைப் பற்றித்தான் கூடுதல் கவலை.

ஆங்கிலத்தில் இதைப் பேபி லெட் வீனிங் என்கிறார்கள். ஜில் ராப்ளி என்ற பிரித்தானியத் தாதி 2000 களில் இந்தப் பெயரைப் பரவலாக்கினார். எங்கள் குடும்பநல மாதைப் போல வீடுகளுக்குப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்ப்பது அவருடைய வேலையாக இருந்தது. நான் இதைக் கைச்சாப்பாடு என்றே எழுதுகிறேன். பொருள் இவ்வளவுதான்: ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு உணவை அரைத்து வாயில் வைப்பதற்குப் பதிலாக, பிடித்துக் கடிக்கக்கூடிய மெதுமையான துண்டாக முன்னால் வைத்து, எடுப்பதையும் வாய்க்குக் கொண்டுபோவதையும் போதும் என்று நிறுத்துவதையும் பிள்ளையிடமே விடுவது. தலைமுறை தலைமுறையாகக் கையால் சாப்பிடுகிற எங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

கரியரில் இருந்து சைக்கிள் பழக முடியாது

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் முன் பாரிலோ பின் கரியரிலோ இருந்து பள்ளிக்கூடம் போயிருப்போம். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தோம், அதில் குறையே இல்லை. ஆனால் பத்து வருஷம் கரியரில் இருந்தாலும் சைக்கிள் ஓட வராது. சமநிலையைப் பிடிக்க வேண்டியது எங்கள் உடம்பு. அதற்கு நாங்களே சீற்றில் ஏற வேண்டும், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டும்.

தீத்துவது கரியர் மாதிரி. வயிறு நிறையும். கடிப்பது, நாக்கால் உருட்டுவது, எவ்வளவு வாய்க்குள் போட்டால் சமாளிக்கலாம் என்று கணிப்பது, இவையெல்லாம் பிள்ளை தன் வாயால் செய்து செய்தே பழக வேண்டிய வேலைகள். கைச்சாப்பாட்டில் பிள்ளை சீற்றில் ஏறுகிறது, நீங்கள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறீர்கள். பிடித்துக்கொண்டு ஓடுவது என்று சொன்னதை மறந்துவிட வேண்டாம். பிள்ளையிடம் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கறி கிண்டுவது கைச்சாப்பாடு ஆகாது.

என்ன சாப்பாடு, எப்போது, எங்கே இருந்து என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்கிறது. முழு முறையும் இந்தப் பங்கீட்டில்தான் நிற்கிறது.

ஆறு மாதத்தில் உடம்பில் என்ன மாறுகிறது?

மூன்று நான்கு மாதப் பிள்ளையின் வாயில் எதையாவது வைத்தால் நாக்கு தானாக அதை வெளியே தள்ளும். இதற்கு நாக்குத் தள்ளல் என்று பெயர். பால் தவிர வேறெதுவும் உள்ளே போய்விடாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் இது மெல்ல மெல்ல மறைகிறது. அதே காலத்தில் கழுத்து நிமிர்ந்து நிற்கும், சிறிய ஆதரவோடு பிள்ளை உட்காரும், கண்ணால் பார்த்த பொருளைக் கையால் எட்டி நேரே வாய்க்குக் கொண்டுபோகும். இவை மூன்றும் கூடிவருவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு மாதமளவில்தான். உலக சுகாதார நிறுவனமும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு மேலதிக உணவு, கூடவே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று சொல்கிறது. மேலதிக உணவு என்றால் பாலுக்கு மேலாகக் கொடுப்பது. பாலை நிறுத்திவிட்டுக் கொடுப்பது என்று அதற்கு அர்த்தமில்லை.

பல் முளைத்ததா என்பது இந்தக் கணக்கில் வராது. நன்றாக அவிந்த உணவை நசிக்க முரசு போதும். விரலைக் கடித்துப் பார்க்கச் சொன்னால் எவ்வளவு பலம் என்று தெரியும்.

உட்காருவதை மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். உயரக் கதிரை வாங்க வேண்டும் என்றில்லை. பாயில் நீங்கள் சம்மணம் கட்டி, மடியில் பிள்ளையை முன்பக்கம் பார்த்தபடி நிமிர்த்தி இருத்தினால் போதும். ஏணையில், சரித்த நிலையில், தவழும்போது, ஓடும் ஓட்டோவில், தொலைபேசி பார்க்கும்போது கொடுக்கக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, நிறை குறைவான பிள்ளை, தசை பலவீனமோ விழுங்குவதில் பிரச்சினையோ உள்ள பிள்ளை என்றால் வைத்தியரோடு கதைத்த பிறகே தொடங்குங்கள்.

சுருக்கமாக: ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும், நிமிர்ந்திருக்க வேண்டும், கை வாய்க்குப் போக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னும் ஓரிரு கிழமை பொறுக்கலாம்.

ஓங்காளம் வேறு, மூச்சடைப்பு வேறு

எல்லாரும் பயப்படுகிற இடம் இதுதான், குழப்பமும் இங்கேதான் இருக்கிறது. எங்கள் பேச்சில் "புரைக்கேறிப்போச்சு", "சிக்கிப்போச்சு", "ஓங்காளிச்சது" எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். உச்சியில் தட்டி "ஆரோ நினைக்கினம்" என்பதும் அதற்குள் அடக்கம்.

என் மகளுக்கு ஆறரை மாதம். விறாந்தையில் பாய் போட்டு அவித்த பூசணித் துண்டு ஒன்று கொடுத்தேன். நுனியைக் கடித்தாள், கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. நாக்கு வெளியே வந்தது, கண்ணில் நீர் முட்டியது, "ஹக், ஹக்" என்று இரண்டு சத்தம். என் அம்மா பாய்ந்து வந்து, "இஞ்சை தா பிள்ளையை, நான் தீத்திவிடுறன்" என்று வாய்க்குள் விரலை விடப்போனார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். என் நெஞ்சும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஐந்தாறு விநாடியில் துண்டு நாக்கோடு வழுக்கி முன்னால் வந்து மடியில் விழுந்தது. மகள் அதைக் குனிந்து பார்த்தாள், திரும்ப எடுத்து வாயில் வைத்தாள்.

அது ஓங்காளம். நாக்கின் ஓரிடத்தைக் கட்டியான ஏதாவது தொட்டவுடன் தொண்டை சுருங்கி அதை முன்னுக்குத் தள்ளுகிற, உடம்பில் பிறப்பிலேயே இருக்கிற காவல். பெரியவர்களுக்கு அந்த இடம் நாக்கின் அடிப்பகுதிக்குக் கிட்ட இருக்கிறது. ஆறு மாதப் பிள்ளைக்கு அது நன்றாக முன்னால் இருக்கிறது. அதனால்தான் மூச்சுக்குழாய் வாசலுக்கு வெகு தூரத்திலேயே பிள்ளை ஓங்காளிக்கிறது. படலையிலேயே நாய் குரைக்கிற வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் வந்தவர் இன்னும் முற்றத்தில்கூடக் கால் வைக்கவில்லை. மாதங்கள் போகப் போக அந்த இடம் பின்னுக்கு நகர்கிறது, ஓங்காளமும் குறைகிறது. அது முன்னால் இருக்கிற காலத்திலேயே, எவ்வளவு பெரிய துண்டு அதிகம், எங்கே வைத்துச் சப்ப வேண்டும் என்பதைப் பிள்ளை பழகிக்கொள்ள முடியும் என்பது கைச்சாப்பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முக்கியமான காரணம்.

மூச்சடைப்பு என்பது உணவு மூச்சுக்குழாயை அடைத்துக் காற்றுப் போகாமல் நிற்பது. இதற்குச் சத்தம் இருக்காது அல்லது மிக மெல்லிய கீச்சுச் சத்தம் மட்டும் வரும். பிள்ளையால் அழ முடியாது, இரும முடியாது. எங்கள் நிறத்துக்கு முகம் நீலமாவது உடனே தெரியாது, உதட்டையும் நாக்கையும் பாருங்கள்.

சத்தமாக இருமுகிற, ஓங்காளிக்கிற பிள்ளையைத் தொடாதீர்கள். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினால் முன்னுக்கு வந்துகொண்டிருந்த துண்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுவீர்கள், ஓங்காளத்தை நீங்களே மூச்சடைப்பாக மாற்றிவிடுவீர்கள்.

மூச்சடைப்புத்தான் என்றால் ஒரு விநாடியும் தாமதிக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை பலமாகத் தட்ட வேண்டும். போகவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் 5 தடவை அமுக்க வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இதையே மாறி மாறிச் செய்யும்போது இன்னொருவர் 1990 க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தனியாக இருந்தால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். இதை வாசித்துப் பழக முடியாது. முதலுதவி வகுப்பில் பொம்மையில் செய்து பழகுங்கள், பிள்ளையைப் பார்க்கிற அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தீத்துகிற வீட்டுக்கும் இது வேண்டும்.

சரி, கைச்சாப்பாட்டில் மூச்சடைப்புக் கூடுதலா? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 206 குடும்பங்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள், முடிவு 2016 இல் வெளியானது. ஒரு குழு வழமைபோல, மற்றது தானே உண்ணும் முறை. 6 மாதத்துக்கும் 8 மாதத்துக்கும் இடையில் மொத்தத்தில் ஏறத்தாழ 35 வீதமான பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது மூச்சடைப்பு ஏற்பட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள், இரண்டு குழுக்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் இதைச் சொல்கிற பலர் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள்: தானே உண்ட குழுவின் பெற்றோருக்கு எந்த உணவு ஆபத்தானது, எப்படி வெட்ட வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த அறிவுரை இல்லாமல் அதே முடிவை எதிர்பார்க்க முடியாது. 7 மாதத்தில் இரண்டு குழுவிலும் பாதிப் பிள்ளைகளுக்கு ஆபத்தான உணவு கொடுக்கப்பட்டிருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

சுருக்கமாக: இருமலோ ஓங்காளமோ சத்தமாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், சத்தம் நின்றாலோ மெல்லிய கீச்சுச் சத்தம் மட்டும் வந்தாலோ உடனே செயற்படுங்கள்.

ஏன் விரல் நீளத் துண்டு?

சின்னதாக நறுக்கினால் பாதுகாப்பு என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்போம். ஆறு மாதப் பிள்ளையின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். அது பொருளை முழுக் கையால் பொத்திப் பிடிக்கிறது, இது உள்ளங்கைப் பிடி. பொத்திய கைக்குள் போனதைத் திறந்து எடுக்க இன்னும் தெரியாது. ஆகவே சின்னத் துண்டு கைக்குள்ளேயே காணாமல் போய்விடும், பிள்ளை அழும். பெரியவரின் சுட்டுவிரல் அளவு நீளமும் தடிப்பும் உள்ள துண்டென்றால் பாதி கைப்பிடியாகவும் பாதி வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். ஒன்பது பத்து மாதமளவில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து நுள்ளி எடுக்கும், இது நுள்ளுப் பிடி. அது வந்த பிறகு சின்னத் துண்டுகளுக்குப் போகலாம்.

மெதுமைக்கு ஒரே சோதனை: உங்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அமத்தினால் எளிதாக நசிய வேண்டும். நசியாவிட்டால் திரும்ப அவியுங்கள்.

எங்கள் குசினியில் இதற்குக் குறைவே இல்லை. அவித்த பூசணி, வத்தாளங்கிழங்கு, கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு. நன்றாகப் பழுத்த பப்பாசி. கதலி வாழைப்பழத்தின் தோலைக் கழுவி, பாதி உரித்து, மீதியைக் கைப்பிடியாக விட்டுவிடலாம். கருத்தக்கொழும்பான் காலத்தில் கனிந்த மாம்பழத்தை நீளமாக வெட்டினால் பிள்ளை மணக்க மணக்கச் சப்பும், ஆனால் வழுக்கும், அதற்கு வறுத்த உழுத்தம்மாவில் ஒரு தடவை புரட்டி எடுங்கள். இட்லியை விரல் மாதிரி வெட்டலாம், மெதுமையான தோசையைக் கீற்றாகக் கிழிக்கலாம். முட்டையை நன்றாக வேகும்வரை பொரித்துக் கீற்றாக வெட்டலாம். இடியப்பத்தை உப்பில்லாத சொதியில் ஊறவைத்து வைத்தால் சிக்கலான நூலைப் பிரிக்கிற மாதிரி நேரம் போவது தெரியாமல் வேலை செய்யும். பிட்டு மட்டும் உலர்ந்து உதிர்கிற சாமான், அதை அப்படியே கொடுத்தால் புரைக்கேறும். பருப்போ பாலோ விட்டுக் குழைத்து உருண்டையாகப் பிடித்து, பிறகு சற்று நீட்டிக் கொடுங்கள்.

தனியாகச் சமைக்க வேண்டாம், எங்கள் சட்டியிலிருந்தே எடுக்கலாம். ஆனால் உப்பும் கறித்தூளும் போடுவதற்கு முன்பு எடுங்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் உறைப்பு எங்களுக்கே கண்ணில் நீர் வரவைக்கும். உப்பைக் கையாள ஒரு வயதுக்குட்பட்ட சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. சீனியும் வேண்டாம். பனங்கட்டி நல்லதுதானே என்று அப்பம்மாமார் கேட்பார்கள். எனக்கும் பனங்கட்டி பிடிக்கும், ஆனால் அந்த வயதில் அதுவும் இனிப்புத்தான்.

வீட்டில் இருந்தாலும் கொடுக்கக் கூடாதவை

கச்சான், கடலை, பயறு முழுதாக. முழு முந்திரிகைப்பழம் (திராட்சை), அதை நீள்பக்கமாக நான்காக வெட்ட வேண்டும். பச்சைக் கரட், பச்சை அப்பிள். முறுக்கு. தேங்காய்ச் சொட்டு. றம்புட்டான். நுங்கு: அது வழுக்கி நேரே தொண்டைக்குப் போகும், கோடையில் எல்லாரும் குடிக்கும்போது பிள்ளைக்கும் ஒன்று என்று ஆசை வரும், வேண்டாம். பனங்கிழங்கின் தும்பும் மரவள்ளியின் நடுநரம்பும் அப்படித்தான். மீனென்றால் பாரை, விளைமீன் போன்றவற்றின் சதையை விரலால் உதிர்த்து, முள் இல்லை என்று இரண்டு தடவை தடவிப் பார்த்த பிறகுதான்.

தேன் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம், நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைப் பக்டீரியாவின் வித்திகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

ஆனால் கச்சானை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். ஒவ்வாமை வரும் என்று பயந்து பிந்திக் கொடுக்கச் சொன்ன காலம் போய்விட்டது. 2015 இல் லண்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்குக் கச்சானைச் சிறுவயதிலேயே ஒழுங்காகக் கொடுத்தபோது கச்சான் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. அரைத்த விழுதைக் கஞ்சியில் மெல்லிசாகக் கரைத்துக் கொடுக்கலாம். கடுமையான தோல் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருக்கிற பிள்ளை என்றால் முதலில் வைத்தியர்.

இரும்பை மறந்தால் எல்லாம் வீண்

"ஒரு வயது வரைக்கும் சாப்பாடு சும்மா விளையாட்டுத்தான், பால் போதும்" என்று கைச்சாப்பாட்டுக்காரர்கள் சிலரே சொல்வதுண்டு. இந்தக் கதையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நிறைமாதப் பிள்ளை தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாதமளவில் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் ஒரு லீற்றருக்கு அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஆனால் ஏழாம் மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் என்பது அமெரிக்க உணவு நிபுணர்களின் கணக்கு. வளர்ந்த ஆணுக்கு அவர்கள் சொல்லும் 8 மில்லிகிராமைவிட அது அதிகம். மூளை வேகமாக வளரும் காலமும் இதுதான்.

பழமும் மரக்கறியும் மட்டும் கையில் கொடுத்தால் படத்துக்கு அழகாக இருக்கும், இரும்பு இருக்காது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது இரும்புள்ள ஒன்று: கோழி ஈரலை நன்றாக அவித்துக் கிழமைக்கு ஒரு தடவை சிறிதளவு, மற்ற நாட்களில் மெதுவாக அவித்த இறைச்சி, மீன், முட்டை, கட்டியாகக் கடைந்த பருப்பு, முருங்கை இலை அரைத்துச் சேர்த்த தோசை. பருப்பிலும் இலையிலும் உள்ள இரும்பு இலகுவில் உறிஞ்சப்படாது, பக்கத்தில் பப்பாசியோ தோடம்பழமோ வைத்தால் அதிலுள்ள விற்றமின் சி கைகொடுக்கும். தேத்தண்ணி அதைக் கெடுக்கும். விசுக்கோத்தைத் தேத்தண்ணியில் தோய்த்துப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

"பிள்ளை ஒண்டுமே சாப்பிடேல்லை"

முதல் இரண்டு மூன்று கிழமை அப்படித்தான் தெரியும். பாதி பாயில், கால்வாசி தலைமயிரில். அந்த நேரம் பிள்ளை தொட்டு, நசித்து, மணந்து பழகுகிறது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை பெரும்பகுதிச் சக்தி பாலிலிருந்துதான் வருகிறது, சாப்பாட்டிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு எவ்வளவு குறைவு என்று தெரியும். நிறை ஏறுகிறதா என்பதைக் கிளினிக்கில் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டின் வரைபில் பாருங்கள், கோப்பையில் மிஞ்சியதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

கிளினிக்கில் குழைத்த சோறு கரண்டியால் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சண்டையே இல்லை. என் வீட்டில் மத்தியானம் பருப்பும் சோறும் குழைத்து நான் கொடுத்தேன், பக்கத்தில் ஒரு துண்டு பூசணி அவள் கையில் இருந்தது. கரண்டியை அவளே பிடித்தும் பார்த்தாள். கரண்டியால் கொடுத்தாலும் நீங்கள் நீட்டுங்கள், பிள்ளை முன்னால் வந்து வாய் திறக்கட்டும், முகம் திருப்பினால் நிறுத்துங்கள். ஒரேயொரு விஷயத்தில்தான் நான் பிடிவாதம்: ஒன்பது மாதம் தாண்டியும் மிக்சியில் அரைத்ததையே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைக் கண்ட பிள்ளைகள் ஏழு வயதிலும் பல வகை உணவுகளைக் குறைவாகச் சாப்பிட்டதையும், சாப்பாட்டுப் பிரச்சினைகள் அவர்களிடம் கூடுதலாக இருந்ததையும் கண்டார்கள்.

தொடங்கிய முதல் கிழமை துடைக்கும்போது ஒன்றைக் காண்பீர்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கரட் போன மாதிரியே வெளியே வந்திருக்கும். வயிறு பழுதாகிவிட்டது என்று ஓட வேண்டாம், மெல்லப் பழகாத வாயிலிருந்து வந்த துண்டுகள் அவை, மாதங்கள் போகக் குறையும். பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பாக இருக்கும். பிள்ளையைப் பார்க்கிற அம்மம்மாவிடம் முதல்நாள் இரவே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இரத்தம் என்று பதறிப்போவார்.